பிரபாவின் தெருவில் பவழமல்லிக் கறை

பிரபாவுக்கு உட்காரத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், மற்றதெல்லாம் இதிலிருந்துதான் வந்தது. கல்யாண வீட்டில் பந்திக்கு உட்கார்ந்தாலும், பக்கத்து இலையிலிருந்து பறந்து வந்த அப்பளத் துண்டைப் பொறுக்கி ஓரம் வைத்துவிட்டுத்தான் தன் சோற்றில் கை வைப்பாள். அம்மன் கோயிலில் தீபாராதனை காட்டும்போது எல்லாரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டிருக்க, அவள் கண் மட்டும் தரையில் கிடக்கும் கற்பூரத் தாளைத் தேடும். "சாமியப் பாரு, கீழ என்ன இருக்குது?" என்று புருஷன் அசோகன் முழங்கையால் இடிப்பான். கீழேதான் எல்லாம் இருக்கிறது என்பாள் அவள்.

விவேக் நகரில் பிறந்தவள். அப்பா ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குச் சாக்கடை வேலைக்கு வந்தவர். அம்மா தெருக் கூட்டினாள். பெண்ணாவது வேறு வேலைக்குப் போகட்டும் என்று எட்டாவது வரை படிக்க வைத்தார்கள். பிரபா ஒரு துணிக்கடையில் ஆறு மாதம் நின்றாள். பிறகு ஒரு கார்மெண்ட்ஸில் ஒரு வருஷம் உட்கார்ந்தாள். அந்த உட்கார்ந்த வேலை அவளைத் தின்றுவிட்டது. காலை ஆட்டிக்கொண்டே மிஷின் மிதிப்பாளாம், சட்டைக் காலரில் தையல் பாம்பு மாதிரி நெளியுமாம். கடைசியில் அம்மா கையிலிருந்த துடைப்பத்தையே வாங்கிக்கொண்டாள். இதைக் கேட்டு உச்சுக் கொட்டுகிறவர்கள் கொட்டிக்கொள்ளட்டும். நடந்துகொண்டே செய்கிற வேலை அவளுக்குப் பிடித்திருந்தது. அந்த வேலை செய்கிறவளை ஊர் பார்க்கிற பார்வைதான் பிடிக்கவில்லை. அது வேறு விஷயம்.

அல்சூரில் வாழ்க்கைப்பட்டாள். பதினாலு வருஷமாக மாநகராட்சித் துடைப்பம். அதில் கடைசி ஒன்பது வருஷம் ஒரே பீட்டில், ஏரிக்குப் பின்னால் இறங்கும் மூன்று குறுக்குத் தெருக்கள். வீட்டிலிருந்து நடந்து பத்து நிமிஷம். முதல் தெருவின் மேல் கோடியில் டீக்கடை, ஆட்டோ நிற்கும் இடம். கீழ்க் கோடியில் சுற்றுச்சுவர் வைத்த பழைய வீடு ஒன்று. அந்தச் சுவருக்கு உள்ளே வேரை வைத்துக்கொண்டு, பாதி உடம்பை வெளியே நடைபாதை மேல் சாய்த்துக்கொண்டு நின்றது அந்தப் பவழமல்லி.

மரம் என்று சொன்னால் மரம், செடி என்று சொன்னால் செடி. இரண்டு ஆள் உயரம் இருக்கும். அதைப் பிரபாவை விடத் தெரிந்தவர் அந்தத் தெருவில் இல்லை. வீட்டுக்காரர்களுக்குப் பூவைத் தெரியும். இவளுக்குத்தான் அதன் எலும்பும் தோலும் தெரியும். அதன் இளங்குச்சி மற்ற மரத்துக் குச்சி மாதிரி உருண்டையாக இருக்காது, நாலு மூலை வைத்துச் செதுக்கினது போல் சதுரமாக இருக்கும். துடைப்பத்தில் தள்ளினால் உருளாது, அடம் பிடிக்கும். இலைகள் எதிரெதிராக ஜோடி போட்டு முளைக்கும். தொட்டுப் பார்த்தால் உப்புத்தாள். வெயில் காலத்தில் இலையையெல்லாம் கொட்டிவிட்டுச் செத்த மாதிரி நிற்கும், அப்புறம் ஒரு மழைக்கு எழுந்துவிடும். காய் தட்டையாக, இரண்டு சட்டைப் பொத்தானை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். காய்ந்ததும் நடுவில் விட்டுப்போய் ஆளுக்கொரு விதையோடு பிரிந்துவிடும், பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பி போல. வருஷம் முழுக்க இதையெல்லாம் வாரினவளுக்குத் தெரியாமல் யாருக்குத் தெரியும்?

ஆனால் ஆவணி பிறந்துவிட்டால் பூ. பகல் முழுக்க மொட்டு வாயைத் திறக்காது. பொழுது சாய்ந்த பிறகு திறக்கும். விடிகிற நேரத்தில் காம்பை விட்டுக் கழன்றுவிடும். யாரும் உலுக்க வேண்டாம், காற்றுகூட வேண்டாம். ஆறோ ஏழோ வெள்ளை இதழ், காற்றாடி மாதிரி ஒரு பக்கமாக முறுக்கிக்கொண்டு. நடுவிலிருந்து பின்பக்கம் இறங்கும் குழல்தான் பவழ நிறம். விழும்போது பெரும்பாலும் குப்புற விழும். இதழ் தரையில் படிய, குழல் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஒன்று விழுந்து அடுத்தது விழ நேரம் ஆகாது. ஐந்து மணிக்கு ஆரம்பித்தால் ஏழரை எட்டு வரைக்கும் சொட்டிக்கொண்டே இருக்கும். நிம்மதியாக ஒரு இடத்தைக் கூட்டி முடித்தோம் என்று திரும்ப விடாத மரம்.

அந்த வீட்டில் அனந்தபத்மநாபன் என்று ஒருவர், சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ருக்கு. தெருவுக்கே ருக்கு மாமி. மூன்று தலைமுறையாகப் பெங்களூரில் இருக்கிற குடும்பம். மாமி கன்னடமும் தமிழும் ஒரே மூச்சில் பேசுவாள். எழுபத்திரண்டு வயதில் இன்னும் குளித்துவிட்டு ஈரத் தலையோடு கூடையை எடுத்துக்கொண்டு வந்து பூப்பொறுக்குவாள்.

மண்ணில் விழுந்த பூவைச் சாமிக்கு வைக்க மாட்டார்கள் அல்லவா? பவழமல்லிக்கு மட்டும் அந்தக் கட்டு இல்லை. அது தானாக விழுந்தால்தான் பூஜைக்கே ஆகும். ஆனால் துடைப்பம் பட்டுவிட்டால் ஆகாது. ஒரு குச்சி உரசினாலும் அந்தப் பூ குப்பை. பிரபா இந்தத் தெருவுக்கு வந்த முதல் வாரமே மாமி கதவருகில் நின்று சொல்லிவிட்டாள்.

"நீ மேலேர்ந்து கூட்டிண்டு வாடிம்மா. இங்க கடைசியா வா. அதுக்குள்ள நான் பொறுக்கிண்டுடறேன்."

பிரபாவும் சரி என்றாள். ஒன்பது வருஷம் அப்படியே நடந்தது. டீக்கடையில் தொடங்கி இறங்கி வருவாள், மாமி கூடையோடு உள்ளே போகும்போது இவள் மரத்தடிக்கு வந்து சேருவாள். தீபாவளிக்கு ஒரு டப்பா ரிப்பன் பக்கோடா வரும். தாகத்துக்குக் கேட்டால் தண்ணீர் பிளாஸ்டிக் பாட்டிலில் வரும், பாட்டிலை நீயே வைத்துக்கொள் என்று மாமி சொல்லுவாள். பிரபா வைத்துக்கொள்வாள். வீட்டில் பதினேழு பாட்டில் சேர்ந்திருந்தது.

இந்த வருஷம் போட்டோ வந்தது.

ஏழரை மணியிலிருந்து மேஸ்திரி நாராயணசாமி ஒவ்வொரு தெருவையும் போனில் படம் பிடித்து ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். அங்கே பார்த்துவிட்டுப் பச்சை போடுவார்கள், இல்லையென்றால் சிவப்பு. ஒரு பீட்டுக்கு மூன்று சிவப்பு விழுந்தால் ஆள் மாற்றம். மாற்றினால் எங்கே? சிவாஜிநகர் மார்க்கெட். இறைச்சிக் கடை, மீன் கடை, ஐந்து மணிக்கே வருகைக்குக் கைரேகை வைக்க வேண்டும். பிரபாவின் சந்தில் ஒருநாள் விட்டு ஒருநாள் காலை ஐந்துக்குத்தான் குழாயில் தண்ணீர் வரும். அசோகனுக்குத் தோள்பட்டை இறங்கி இரண்டு வருஷம் ஆகிறது, குடம் தூக்க மாட்டான். மார்க்கெட்டுக்குப் போனால் வீட்டில் தண்ணீர் கிடையாது. அவ்வளவு சின்ன விஷயம்தான். ஆனால் தண்ணீர் இல்லாத வீட்டில் இருந்து பார்த்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

புரட்டாசி முதல் வாரத்தில் முதல் சிவப்பு விழுந்தது. நாராயணசாமி ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே போனை நீட்டினார்.

"என்னா பிரபா இது, நோடு இங்க, பாரு."

படத்தில் நடைபாதையின் கல் பலகைகள் இருந்தன. மேலே காவி நிறத்தில் பத்துப் பதினைந்து திட்டுகள்.

"பூ மேஸ்திரி. பவழமல்லி. காலால மிதிச்சிட்டுப் போறாங்க, சாயம் எறங்கிடுது."

"ஆபீஸ்ல பான் எச்சில்னு எழுதியிருக்காங்க. எச்சில் கழுவலன்னு ரெட்."

"எச்சில்னா இப்படியா இருக்கும்? எச்சில் சுவரோரமா இருக்கும், மேஸ்திரி. நடுப்பாதையில எவன் துப்புவான்?"

"அத என்கிட்ட கேக்கறே. நான் துப்பினேனா?"

போய்விட்டார். அவருக்கு இன்னும் பதினொரு தெரு பாக்கி.

அன்றிலிருந்து பிரபாவுக்குத் தூக்கம் போய், சோறு போய், எந்த வேலையும் முழுசாக ஓடவில்லை. மேல் கோடியைக் கூட்டும்போது மனசு கீழ்க் கோடியில் நிற்கும். இந்நேரம் எத்தனை விழுந்திருக்கும், பால்காரன் மிதித்திருப்பானா, எதிர் அபார்ட்மெண்டிலிருந்து ஆபீஸ் வேனுக்கு ஓடுகிற பிள்ளைகள் மிதித்திருக்குமா என்று. குழல் மேலே நிற்கிற பூ அல்லவா, செருப்பு முதலில் அதன் மேல்தான் இறங்கும். ஈரக் கல்லில் நசுங்கினால் அந்தச் சாயம் கல்லுக்குள் போய் உட்கார்ந்துவிடும். அந்தக் காலத்தில் இதில் துணிக்கே சாயம் போடுவார்களாம், பின்னே கல்லை விடுமா?

அவள் தண்ணீர் ஊற்றித் தேய்த்துப் பார்த்தாள். பிறகு அந்த மரத்து இலையையே கொத்தாகப் பறித்துத் தேய்த்தாள். உப்புத்தாள் இலை அல்லவா, கொஞ்சம் போனது. ஆனால் ஒரு பலகையைத் தேய்த்து நிமிர்வதற்குள் தேய்த்த இடத்திலேயே நாலு பூ. மறுநாள் பிளீச்சிங் பவுடரைத் தூவிவிட்டாள். மாமி வெளியே வந்தவள் மூக்கைப் புடவையால் மூடிக்கொண்டாள்.

"என்னடி இது, ஆஸ்பத்திரி மாதிரி. பெருமாளுக்குப் போடற பூ, பிளீச்சிங் நாத்தம் அடிக்கறது."

"கறை போகணும் மாமி."

"கறை போறதோ இல்லையோ, என் பூ போச்சு."

அடுத்த புதன்கிழமை இரண்டாவது சிவப்பு விழுந்தது.

அன்றைக்குக் கூட்டி முடித்ததும் பிரபா மாமி வீட்டு கேட்டைத் தட்டினாள். உள்ளே போகவில்லை, போகிற வழக்கமும் இல்லை. மாமி வந்தாள்.

"மாமி, ஒரே ஒரு வார்த்தை நீங்க மேஸ்திரிகிட்ட சொல்லணும். இது எச்சில் இல்ல, பூ சாயம்னு. நான் சொன்னா பொய்ங்கறாங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

மாமி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மரத்தைப் பார்த்தாள். பிறகு தெருவைப் பார்த்தாள். பிரபாவைப் பார்க்கவில்லை.

"எனக்கென்னடி தெரியும் சாயமும் கீயமும். நான் பூவைப் பொறுக்கிண்டு போறவ. கீழ என்ன ஒட்டிண்டிருக்குன்னு நான் பார்த்தேனா?"

"பார்க்கலயா மாமி? ஒன்பது வருஷமா உங்க விரல் நுனி மஞ்சளாத்தானே இருக்குது."

மாமி கையை முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். "அடுப்புல வெச்சிருக்கேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

அடுப்பில் ஒன்றும் இல்லை. வாசல் நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அனந்தபத்மநாபன் கண்ணாடிக்கு மேலாக எட்டிப் பார்த்தார். நல்ல மனுஷர், ஆனால் எதை எங்கே சொல்ல வேண்டும் என்று தெரியாதவர்.

"அவ சொல்ல மாட்டாம்மா. அந்தக் கிளை இருக்கே, அது சுவருக்கு வெளில, சர்க்கார் இடத்துல நிக்கறது. பூ விழுந்து நடைபாதை அழுக்காறதுன்னு நாமளே எழுத்து மூலமா ஒத்துண்டா, வெட்டிட்டுப் போயிடுவான். இவளுக்கு அந்த பயம்." பிறகு குரலைத் தணித்து, யாரும் கேட்காததைச் சொன்னார். "இந்த மர வகையில உலகத்துலயே மொத்தம் ரெண்டே ரெண்டு இனம்தான் தெரியுமோ? ஒண்ணு இது. இன்னொண்ணு எங்கயோ தாய்லாந்துப் பக்கம், முள்ளோட இருக்குமாம். பேப்பர்ல போட்டிருந்தான்."

"முள்ளு இல்லாததே இப்படிக் குத்துது ஐயா" என்று சொல்லிவிட்டுப் பிரபா தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

வழியெல்லாம் அவளுக்குள் அந்தப் பேச்சு சுற்றிக்கொண்டே வந்தது. தெரியாமல் சொல்லாமல் இருந்தால் போகட்டும் என்று விடலாம். மாமிக்குத் தெரியும். தெரிந்தே வாயை மூடிக்கொண்டாள். ஒரு கிளை ஒரு பக்கம், பிரபா ஒரு பக்கம் என்று தராசில் வைத்துப் பார்த்திருக்கிறாள், கிளைதான் கனமாக இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை பிரபா மேலே டீக்கடைக்குப் போகவில்லை. கைரேகை வைத்துவிட்டு நேராகக் கீழ்க் கோடிக்கு வந்தாள். ஆறே முக்கால். மாமி இன்னும் குளித்து முடித்திருக்க மாட்டாள். நடைபாதை முழுக்க வெள்ளையாக இருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக, ஒருத்தரும் பொறுக்காத பூவில் துடைப்பத்தைப் போட்டாள்.

மாமி கூடையோடு வந்தபோது கல் ஓரத்தில் குவியல் இருந்தது. மாமி குவியலைப் பார்த்தாள். ஏதாவது திட்டியிருந்தால் பிரபாவும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பாள், மனசு ஆறியிருக்கும். மாமி கூடையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதனால் காரியமாவது நடந்ததா? இல்லை. ஈரப் பூவில் துடைப்பம் இழுத்தால் என்ன ஆகும், சொல்லுங்கள். குச்சி ஒவ்வொன்றும் குழலை நசுக்கி நீளமாக இழுத்துவிட்டது. முன்பு திட்டுத் திட்டாக இருந்த கறை இப்போது கோடு கோடாக இருந்தது. கோபத்தில் செய்தாள், அவசரத்தில் செய்தாள், தனக்குத் தெரிந்த மரத்திடமே ஏமாந்தாள். நாராயணசாமி வந்து போனை எடுத்தவர், பார்த்துவிட்டுத் திரும்பப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இத அனுப்பினா இன்னிக்கே மூணாவது. நாளைக்குச் சனிக்கிழமை, ஹெல்த் இன்ஸ்பெக்டர் மேடமே நேர்ல வர்றாங்க. அவங்க முன்னாடி எடுக்கறேன். அதுக்குள்ள ஏதாவது மாடு, ஏதாவது பண்ணு."

"என்ன மாடறது?"

"எனக்குத் தெரிஞ்சா நான் ஏன் மேஸ்திரியா இருக்கேன்" என்றார். ஆனால் அன்றைய படத்தை அவர் அனுப்பவில்லை. அதையும் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை ஏழு அடிக்கப் பத்து நிமிஷத்துக்கு ஜீப் வந்தது. இன்ஸ்பெக்டர் பெயர் சஹானா. முப்பது வயது இருக்கும், காலில் கான்வாஸ் ஷூ, கையில் அட்டை வைத்த காகிதங்கள். கன்னடத்தில்தான் பேசினாள். பிரபாவுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு.

"நீங்கதான் பிரபாவா? ஏனம்மா, தெருவெல்லாம் எச்சிலா இருக்கே."

பிரபா காலடியில் அப்போதுதான் விழுந்த ஒரு பூவை எடுத்தாள். நேற்றுக் கொடுத்த புதுக் கையுறையை இடது கையில் மாட்டியிருந்தாள், வெள்ளைத் துணி. அந்த உள்ளங்கையில் பூவை வைத்துக் கட்டைவிரலால் ஒரு தேய் தேய்த்தாள். இதழ் கூழாகிப் போனது. குழல் இருந்த இடத்தில் காவிக் கோடு பளிச்சென்று நின்றது. கையை அப்படியே நீட்டினாள்.

"முகர்ந்து பாருங்க மேடம். எச்சில் இந்த வாசனை அடிக்குமா?"

நாராயணசாமி சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். சஹானா குனிந்து முகர்ந்தே பார்த்தாள். பிறகு ஒரு பூவைத் தானே எடுத்துத் தன் காகிதத்தின் ஓரத்தில் தேய்த்தாள். அவளுடைய முகம் மாறியது.

"சரி. இது எச்சில் இல்ல." பேனாவை எடுத்தாள். "ஆனா கறை கறைதான். நடைபாதை மேல வந்த கிளையை எடுக்கச் சொல்லி எழுதிடறேன். உங்களுக்கும் தொந்தரவு இல்ல, எங்களுக்கும் தொந்தரவு இல்ல."

கேட்டுக்குள்ளே ஒரு பித்தளைத் தட்டு கீழே விழுந்த சத்தம் கேட்டது. ருக்கு மாமி நின்றுகொண்டிருந்தாள். புரட்டாசிச் சனிக்கிழமை, மடிப்புடவை, கூடை வேறு. எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியாது.

"என்னம்மா, எழுதட்டுமா?" என்று சஹானா பிரபாவைக் கேட்டாள். "தினமும் கூட்டறது நீங்க. இந்தக் கிளை தொந்தரவுன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும், காரணம்னு போட்டுக்கறேன்."

பிரபாவுக்குக் கால் ஒரு இடத்தில் நிற்கவில்லை. ஒரே வார்த்தை. அவள் மாமியிடம் கேட்டதும் ஒரே வார்த்தைதான். இப்போது அதையே இவளிடம் கேட்கிறார்கள். சொல்லிவிட்டால் பீட் நிற்கும், வீடு நிற்கும், தெரு சுத்தமாகும். மாமியைப் பார்த்தாள். மாமி இந்தத் தடவை முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"தொந்தரவுதான் மேடம்" என்றாள் பிரபா. "ரொம்பத் தொந்தரவு. ஆனா மரம் இல்ல. மரம் அதும்பாட்டுக்கு விழவிடுது. கல்லுல விழாம துணியில விழுந்தா கறையே இல்ல. துணி விரிக்க வேண்டிய ஆள் விரிக்கணும். அவ்வளவுதான்."

"யார் விரிக்கணும்?"

பிரபா வாயிலிருந்து அதற்கு மேல் வராது. சொல்ல வேண்டியவர் சொல்லட்டும் என்று நின்றுவிட்டாள்.

சஹானா கடிகாரத்தைப் பார்த்தாள். "நான் மேல போயிட்டு ஏழரைக்கு வருவேன். மேஸ்திரி, இந்த இடத்துல என் முன்னாடி போட்டோ எடுக்கணும். கறை இல்லன்னா நான் எழுதலை. இருந்தா கிளையும் போகும், மூணாவது ரெட்டும் விழும். ரூல் எனக்கும் ஒண்ணுதான்."

அரை மணி நேரம் இருந்தது. பிரபா அதற்குள் தரையில் மண்டிபோட்டிருந்தாள். இலையைப் பறித்து, பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்துத் தேய்த்தாள். நாராயணசாமி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு டீக்கடையிலிருந்து ஒரு பக்கெட் தண்ணீர் தூக்கி வந்தார், பதினாலு வருஷத்தில் அவர் தூக்கின முதல் பக்கெட். ஒரு பலகை, இரண்டு பலகை, நாலு பலகை. முட்டி எரிந்தது. பழைய கறை போனது. ஆனால் மேலேயிருந்து டப் என்று ஒன்று, டப் என்று இன்னொன்று. தேய்த்த ஈரக் கல்லில் பூ விழுந்ததும் அதை எடுக்க ஓடுவாள், எடுப்பதற்குள் பின்னால் ஒன்று.

"இது முடியாது பிரபா" என்றார் நாராயணசாமி. "நீ ஒரு ஆள். அது ஒரு மரம்."

ஏழு இருபத்தைந்து. கேட் திறந்தது. மாமி வெளியே வந்தாள், கையில் வெளுத்து மடித்த எட்டு முழ வேட்டி. பின்னாலேயே அனந்தபத்மநாபன், "ருக்கு, அது அப்பா சிரார்த்தத்துக்கு வெச்சிருக்கற வேஷ்டின்னா" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

"உங்களுக்கு வேற தரேன், உள்ள போங்கோ."

மாமி வேட்டியை உதறி இரட்டை மடிப்பாகப் பிரித்தாள். கீழே விரிக்கவில்லை. விரித்தால் போட்டோவில் கல் எங்கே தெரியும்? தலைக்கு மேலே தூக்கினாள், கிளைக்கும் தரைக்கும் நடுவில். ஒரு பக்கத்து இரண்டு முனை அவள் கையில். மறுபக்கம் தொங்கிக்கொண்டு நின்றது. அந்தத் தொங்கல் ஈரக் கல்லில் உரச ஒரு சாண் பாக்கி.

"ஏன்னா, இந்தண்ட பிடிங்கோ."

அனந்தபத்மநாபன் கையைத் தோளுக்கு மேல் தூக்கப் பார்த்தார், மார்புக்கு மேல் போகவில்லை. நாராயணசாமி போனோடு நிற்கிறார், அவர் படம் எடுக்க வேண்டும். மேலே டீக்கடைப் பக்கமிருந்து ஜீப் திரும்பிவிட்டது.

பிரபா மண்டிபோட்டபடியே நிமிர்ந்து பார்த்தாள். கை முழுக்க இலைச்சாறும் தண்ணீரும். எழுந்திருக்கவில்லை. ஒன்பது வருஷத்தில் அந்த வீட்டுப் பொருள் எதையும் அவள் தொட்டதில்லை, பாட்டிலைத் தவிர. கேட்காமல் இதையும் தொட மாட்டாள். அந்தப் பிடிவாதத்தைத் தப்பு என்று சொல்ல முடியுமா? முடியாது.

மாமியின் தலையிலும் தோளிலும் ஏற்கெனவே ஏழெட்டுப் பூ.

"பிடிடி" என்றாள் மாமி.

"என்னையா மாமி?"

"வேற யாரு இருக்கா இங்க? பிடி. கை வலிக்கறது."

பிரபா கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, வெறும் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து மறுபக்கத்து இரண்டு முனையைப் பிடித்தாள். வேட்டி இழுத்து நின்றது. பூ விழ விழ நடு தாழ்ந்தது. இரண்டு பேரும் எட்டி எட்டித் தூக்கினார்கள். மாமி இவளைவிட ஒரு சாண் குட்டை, அதனால் பூவெல்லாம் மாமி பக்கமே உருண்டது.

"ஒசத்துங்க மாமி, ஒரே பக்கம் சாயுது."

"நீ எறக்குடி. ஒட்டகம் மாதிரி வளர்ந்திருக்கே."

சஹானா ஜீப்பிலிருந்து இறங்கி, இந்தக் கோலத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து வேட்டிக்கு அடியில் கல்லைப் பார்த்தாள். ஈரம் மட்டும்தான் இருந்தது. கண்ணைக் காட்டினாள். நாராயணசாமி படம் எடுத்தார். ஆபீசிலிருந்து பதில் வரும் வரைக்கும் இரண்டு பேரும் முனையை விடவில்லை. விடச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

"ஆய்த்து" என்றார் நாராயணசாமி. "பச்சை."

"இன்னிக்குப் பச்சை" என்றாள் சஹானா. "சீசன் முழுக்க ரெண்டு பேரும் இப்படிக் கையைத் தூக்கிட்டு நிப்பீங்களா?"

மாமி கன்னடத்தில் பதில் சொன்னாள், மூச்சு வாங்கிக்கொண்டே. விடியறதுக்கு முன்னால் நான் துணி விரிப்பேன், எட்டு மணி வரைக்கும் எடுக்க மாட்டேன், அது எங்கள் பொறுப்பு, இவள் மேல் இனி ஒரு சிவப்பும் விழக் கூடாது என்றாள். அந்தக் கறை பூவுடையதுதான் என்றும், அது தனக்கு எப்போதோ தெரியும் என்றும் சொன்னாள். அந்தக் கடைசி வார்த்தையைத் தமிழில் சொன்னாள். இன்ஸ்பெக்டருக்குப் புரிந்ததோ இல்லையோ.

"போட்டோவுல கல்லுக்குப் பதில் சுத்தமான துணி தெரிஞ்சா போதும், ரிமார்க்ஸ்ல எழுதிக்கறேன்" என்று சஹானா அட்டையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டாள். "ஒரு வாரம் பார்ப்பேன். பழைய ரெண்டு ரெட்டை எடுக்க முடியாது. மூணாவது இல்ல. பீட் மாத்தம் இல்ல." ஜீப் போனது.

வேட்டியை இறக்கினார்கள். மாமி தன் பக்கத்து முனைகளைக் கொண்டுவந்து பிரபாவின் முனைகளோடு சேர்த்தாள். விரலோடு விரல் இடித்தது. மாமி கையை இழுத்துக்கொள்ளவும் இல்லை, அங்கேயே வைத்துக்கொண்டிருக்கவும் இல்லை. மூட்டையாகப் பூ. ஒரு கூடையில் கொள்ளாது.

பிரபாவுக்கு எதையும் கீழே போட்டுவிட்டுப் போகத் தெரியாது, கேள்வியையும்தான்.

"மாமி, நான் பிடிச்ச துணியில விழுந்த பூவாச்சே. சாமிக்கு ஆகுமா?"

மாமி மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "உள்ள போய்ப் பெருமாளைத்தான் கேக்கணும்" என்றாள்.

"கேட்டுச் சொல்லுங்க. நாளைக்கு நான் கேப்பேன்."

"கேப்பேடி நீ. கேக்காம விடுவியா?"

மாமி உள்ளே போனாள். பூஜை அறைப் பக்கம் திரும்பினாளா, கொல்லைப் பக்கம் திரும்பினாளா என்று தெருவிலிருந்து பார்த்தால் தெரியாது. பிரபா நின்று பார்க்கவும் இல்லை. இரண்டாவது குறுக்குத் தெரு இன்னும் கூட்டாமல் கிடந்தது. துடைப்பத்தை வண்டியில் குறுக்காகப் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திருப்பத்தில் மறைந்தாள்.